எந்த நாலாவது கிராஸ்?

நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு வரும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், மூல நிரலை இறக்கி நாங்களே கம்பைல் செய்கிறோம். ஒரு பிழையும் வருவதில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஏதோ கோளாறாக நடக்கிறது. ஏன்?"

இதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று என் வீட்டிலேயே ஒரு மாதத்துக்கு மேல் ஒளிந்திருந்து எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தது. அந்த ஒன்றைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். கணிப்பொறித் துறையில் இல்லாதவர்களும் முதற்பகுதியைப் படிக்கலாம். பிள்ளைகள் கடைசிவரை படிக்க வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு. நம் இதழில் ஆங்கில எழுத்துகளைக் கலப்பதில்லை. ஆகவே கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். கணிப்பொறியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ‘மைனஸ் ஐ’ என்றால் ஒரு சிறு கோடும், அதை ஒட்டிப் பெரிய எழுத்து ஐ-யும்.

அம்மாவின் கதை கேட்கும் பெட்டி

என் தாயார் கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு எங்களோடு வந்துவிட்டார். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் தமிழ்ப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தால் விளம்பரம் உட்பட ஒரு வரி விடமாட்டார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் விழித்திரையின் நடுப்பகுதி நலிய ஆரம்பித்தது. முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. அச்செழுத்து சுத்தமாகத் தெரியாமல் போயிற்று. மிகப் பெரிய எழுத்தாக இருந்தால் மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படிப்பார்.

2010-ல் அவருக்காக ஒரு சின்ன நிரல் எழுதினேன். எழுத்தைப் பேச்சாக மாற்றும் ‘ஈஸ்பீக்’ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஜொனாதன் டடிங்டன் என்பவர் 1995-ல் ஏகார்ன் கணிப்பொறிக்காக எழுதத் தொடங்கியது. பிறகு லினக்ஸுக்கு வந்தது. தமிழும் பேசும். இயந்திரக் குரல்தான், இனிமை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ழகரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளைவிட அது மேல் என்பது அம்மாவின் தீர்ப்பு. என் நிரல் செய்தது இவ்வளவுதான்: கதையை ஈஸ்பீக்கிடம் கொடுக்கும், அது எந்தச் சொல்லைப் பேசுகிறதோ அந்தச் சொல்லைத் திரை முழுவதும் பெரிய எழுத்தில் காட்டும். அம்மா கேட்டுக்கொண்டே கண்ணாலும் தொடர்வார். என் மகளுக்கு அப்போது பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். அவளும் ஆயா மடியில் உட்கார்ந்து, கேட்கும் சொல்லையும் தெரியும் எழுத்தையும் பொருத்திப் பொருத்தித் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நான் திட்டமிட்டுச் செய்ததல்ல. தானாக அமைந்தது.

2014-ல் அந்தப் பழைய கணிப்பொறியில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். முன்பு நானே கம்பைல் செய்து வைத்திருந்த பழைய ஈஸ்பீக்கைக் கையாலேயே அழித்துவிட்டு, புதிய பதிப்போடு வந்த ஈஸ்பீக்கை நிறுவினேன். என் நிரலை மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு பிழையோ எச்சரிக்கையோ இல்லை. ஓட்டிப் பார்த்தேன்; குரல் கணீரென்று வந்தது. வேலை முடிந்தது என்று மறுநாள் ஆபீஸ் போய்விட்டேன்.

சில வாரங்கள் கழித்து அம்மா பெட்டிப் பக்கமே போவதில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டால், "கதை நல்லால்லப்பா" என்றார். விஷயத்தை உடைத்தவள் மகள்தான். "அப்பா, அது ஒரு வார்த்தை சொல்லுது, வேற வார்த்தை காட்டுது. நான் தப்புத் தப்பா எழுதறேன்னு தமிழ் மிஸ் சொன்னாங்க." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். குரல் முன்னே போகிறது, திரையில் பழைய சொல்லே நிற்கிறது. பிறகு திடீரென்று நாலு சொல் தாண்டிக் குதிக்கிறது. வாக்கியத்தின் முதல் சொல் பெரும்பாலும் வருவதே இல்லை. நடுநடுவே சரியாகவும் இருக்கிறது.

அம்மாவைப் பார்த்தேன். "எனக்குத்தான் பார்வை இன்னும் இறங்கிடுச்சுன்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா மறுபடி ஆஸ்பத்திரி, ஊசி, செலவுன்னு நிப்பே. அதான் சொல்லல" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஹெடர் என்பது அளவுச் சீட்டு

குற்றவாளியைப் பிடிக்கும் முன் ஹெடர் கோப்பு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

தையற்காரரிடம் துணி கொடுத்தால் அவர் அளவெடுத்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்கிறார். தைக்கும்போது ஆள் எதிரில் இருப்பதில்லை, சீட்டுதான் இருக்கிறது. சீட்டில் மார்பளவு 32 என்றிருந்தால் 32-க்கே வெட்டுவார். சி மொழியில் ஹெடர் கோப்பு அந்தச் சீட்டு. லைப்ரரி என்பது ஆள். நம் நிரலைக் கம்பைல் செய்யும் நேரத்தில் கம்பைலர் லைப்ரரியைப் பார்ப்பதில்லை. அந்த லைப்ரரியின் ஹெடரை மட்டும் பார்த்து, இன்ன செயலுக்கு இத்தனை விவரம் கொடுக்க வேண்டும், இன்ன கட்டமைப்பு இத்தனை பைட் நீளம் என்று தெரிந்துகொண்டு அதன்படி வெட்டித் தைக்கிறது. போன வருஷத்துச் சீட்டு அதே பெயரில் மேசைமேல் கிடந்து, அதைப் பார்த்துத் தைத்துவிட்டால்? தையலில் ஒரு பிசகும் இருக்காது. கத்தரியும் ஊசியும் எந்த ஆட்சேபமும் சொல்லாது. போட்டுப் பார்க்கும்போதுதான் பிடிக்கும்.

என் வீட்டில் நடந்தது அதுவே. ஈஸ்பீக் பேசும்போது, ‘இந்த இடத்தில் ஒரு வாக்கியம் தொடங்கியது, இந்த இடத்தில் ஒரு சொல் தொடங்கியது’ என்று நிகழ்வுகளை வரிசையாக அடுக்கி நம் நிரலுக்கு அனுப்பும். 2011 டிசம்பரில் வந்த திருத்தத்தில் அந்த நிகழ்வுக் கட்டமைப்பின் கடைசிப் பகுதியில் 8 பைட் நீளமுள்ள ஓர் உறுப்பைச் சேர்த்தார்கள். என்னுடையது 32-பிட் கணிப்பொறி. அதில் முன்பு ஒரு நிகழ்வின் நீளம் 32 பைட். திருத்தத்துக்குப் பின் 36. லைப்ரரி 36, 36 ஆக அடுக்கி அனுப்புகிறது. என் நிரல் 32, 32 ஆக எண்ணிப் படிக்கிறது. முதல் நிகழ்வு சரியாகக் கிடைக்கும். இரண்டாவதைத் தேடி 32-வது பைட்டில் எட்டிப் பார்த்தால் அங்கே இருப்பது முதல் நிகழ்வின் வால். அது பெரும்பாலும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் ‘பட்டியல் முடிந்தது’ என்று பொருள். என் நிரல் நல்ல பிள்ளையாக அங்கேயே நின்றுவிடும். வாக்கியத் தொடக்கத்தில் ‘வாக்கியம்’ என்ற நிகழ்வை ஒட்டியே முதல் ‘சொல்’ நிகழ்வு வருவதால், முதல் சொல் எப்போதும் அடிபட்டுப் போயிற்று.

அதே நிரலை ஆபீஸ் நண்பர் ஒருவரின் 64-பிட் கணிப்பொறியில் கம்பைல் செய்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அங்கே பழைய ஹெடரும் இல்லை, இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. 64-பிட்டில் அந்த உறுப்பில் ஏற்கெனவே 8 பைட் முகவரி ஒன்று இருந்தபடியால் மொத்த நீளம் மாறவே இல்லை. இது தெரியாமல், குற்றம் என் நிரலின் நேரக் கணக்கில்தான் என்று நினைத்து இரண்டு ஞாயிறு வீணாக்கினேன்.

சரி, புதிய ஈஸ்பீக்கின் ஹெடர் இருக்கும்போது பழையது எங்கிருந்து வந்தது?

ஒரே பெயரில் இரண்டு தெரு

பெங்களூர் வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஆட்டோவில் ஏறி "நாலாவது கிராஸ்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு நாலாவது கிராஸ் இருக்கிறது. ஓட்டுநர் போகிற வழியில் முதலில் எது வருகிறதோ அங்கே இறக்கிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. நாம் கேட்ட தெருவைத்தான் காட்டியிருக்கிறார்.

கம்பைலரும் அப்படியே. நிரலில் ‘இன்க்ளூட்’ என்று எழுதி ஒரு ஹெடரின் பெயரைச் சொல்கிறோம். அது எந்த டைரக்டரியில் உள்ளது என்று முழு விலாசம் சொல்வதில்லை. கம்பைலரிடம் டைரக்டரிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதை மேலிருந்து கீழாகப் பார்க்கும். அந்தப் பெயரில் முதலில் எந்தக் கோப்பு கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். கீழே அதே பெயரில் இன்னொன்று இருக்கிறதா, அது புதியதா என்றெல்லாம் பார்க்காது. இரண்டு இருக்கின்றன என்று நம்மிடம் சொல்லவும் செய்யாது. இந்தப் பட்டியலின் வரிசையை சி மொழியின் தர விதி நிர்ணயிப்பதில்லை. அந்தந்தக் கம்பைலர் செய்பவர் பொறுப்பு என்று விட்டுவிட்டது. நான் இங்கே சொல்வது லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலரின் வழக்கம்.

ஜிசிசியின் இயல்பான பட்டியலில் முதலில் அதன் சொந்த டைரக்டரி, அடுத்து ‘யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’, அதற்கும் பிறகுதான் ‘யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’. லினக்ஸோடு வரும் மென்பொருள்கள் ‘யுஎஸ்ஆர்’ என்பதற்குள் போகும். நாமே கம்பைல் செய்து நிறுவுபவை ‘லோக்கல்’ என்பதற்குள் போவது மரபு. நாம் வேண்டும் என்று நிறுவியதற்கே முதல் மரியாதை என்பது இந்த வரிசையின் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் நாம் மறந்துவிட்டதற்கும் அதே மரியாதை கிடைத்துவிடுகிறது. நான் 2010-ல் நிறுவிய ஈஸ்பீக்கின் லைப்ரரியை ‘லோக்கல்’ டைரக்டரியிலிருந்து அழித்தேன், குரல் கோப்புகளை அழித்தேன், ‘ஸ்பீக்_லிப்.எச்’ என்ற ஹெடரை அழிக்க மறந்துபோனேன். லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றும்போது ‘லோக்கல்’ டைரக்டரியை அது தொடாது. ஆகவே அந்தச் சீட்டு நாலு வருஷமாக அங்கேயே இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹெடரைத் தேடும் பட்டியல் வேறு. லைப்ரரியை இணைக்கும்போது லிங்கர் தேடும் பட்டியல் வேறு. நிரல் ஓடும்போது லைப்ரரியை ஏற்றுபவர் தேடும் பட்டியல் இன்னும் வேறு. மூன்றுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை கிடையாது. ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் லைப்ரரி இன்னொரு பதிப்பிலிருந்தும் வந்து சேர இந்த இடைவெளி போதும்.

பிடித்தது எப்படி

மூன்றாவது ஞாயிறு காலை, ஜிசிசி கட்டளையோடு ‘மைனஸ் எச்’ (பெரிய எழுத்து எச்) சேர்த்துக் கம்பைல் செய்தேன். எந்தெந்த ஹெடரை எந்த டைரக்டரியிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு வரியாக முழு விலாசத்தோடு அச்சிடும். ஈஸ்பீக் வரியில் ‘லோக்கல்’ என்ற சொல் இருந்தது. இரண்டு ஹெடர்களையும் திறந்து பார்த்தேன். மேலேயே திருத்த எண் போட்டிருக்கிறார்கள். நிகழ்வுக் கட்டமைப்பு மாறியது 7-வது திருத்தத்தில். என் பழைய ஹெடரில் இருந்தது அதற்குக் கீழான எண்.

உடனே சாமர்த்தியமாக ஒன்று செய்தேன். ‘மைனஸ் ஐ’ போட்டு ஒரு டைரக்டரியைக் கொடுத்தால் அது இயல்பான பட்டியலுக்கு முன்னால் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘மைனஸ் ஐ யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ என்று கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி ‘லோக்கல்’ ஹெடரே வந்தது. எனக்குத் தலை சுற்றியது. ‘மைனஸ் வி’ (சிறிய எழுத்து வி) போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அப்படிப் போட்டால் ஜிசிசி தன் முழுப் பட்டியலையும் வரிசையாகக் காட்டும். பட்டியலுக்கு மேலே ஒரு வரி: நீங்கள் கொடுத்த இந்த டைரக்டரி ஏற்கெனவே கணினியின் இயல்பான பட்டியலில் உள்ளது, ஆகவே உங்கள் விண்ணப்பத்தைப் புறக்கணிக்கிறேன் என்று. அதாவது இயல்பான பட்டியலில் உள்ள டைரக்டரியை ‘மைனஸ் ஐ’ கொண்டு முன்னுக்குத் தள்ள முடியாது. அதன் பழைய இடத்திலேயே நிற்கும். ஜிசிசியின் சொந்த ஹெடர்கள் சில, தமக்கு அடுத்ததாக வரும் அதே பெயருள்ள ஹெடரைத் தேடி எடுக்கும்படி எழுதப்பட்டவை. வரிசை கலைந்தால் அவை தடுமாறும். அதற்காகவே இந்தப் பாதுகாப்பு. கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் நான் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

பழைய ஹெடரை அழித்தேன். மறுபடி கம்பைல் செய்தேன். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் பக்கம் முழுவதும் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "வாடி, இப்போ சரியாச் சொல்லுது" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

முழு வரிசை

இனி மாணவர்களுக்கு.

ஹெடரின் பெயரை இரண்டு விதமாக எழுதலாம்: மேற்கோள் குறிக்குள், அல்லது கோண அடைப்புக்குள். மேற்கோள் குறிக்குள் எழுதினால் ஜிசிசி முதலில் பார்ப்பது, அந்த ‘இன்க்ளூட்’ வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கோப்பு இருக்கும் டைரக்டரியை. நாம் நின்றுகொண்டு கட்டளை தட்டும் டைரக்டரியை அல்ல. பலர் இங்கே ஏமாறுகிறார்கள். அடுத்து ‘மைனஸ் ஐகோட்’ என்று கொடுத்தவை. கோண அடைப்புக்கு இந்த இரண்டும் கிடையாது. இதன் பிறகு இரண்டு விதத்துக்கும் பாதை ஒன்றே. ‘மைனஸ் ஐ’ என்று கொடுத்தவை, கட்டளையில் இடமிருந்து வலமாக எழுதிய வரிசையில். பிறகு ‘சிபாத்’ என்ற சூழல் மாறியில் உள்ளவை. பிறகு ‘மைனஸ் ஐசிஸ்டம்’ என்று கொடுத்தவை. பிறகு மேலே சொன்ன இயல்பான பட்டியல். எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘மைனஸ் ஐடிர்ஆஃப்டர்’. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் மேற்கோள் குறி விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. தன் டைரக்டரியில் கிடைக்காவிட்டால், தன்னைச் சேர்த்துக்கொண்ட கோப்பின் டைரக்டரி, அதையும் சேர்த்துக்கொண்ட கோப்பின் டைரக்டரி என்று மேலே ஏறிப் பார்க்கும். அங்கே எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவரும்போது இது காலை வாரும்.

‘இடமிருந்து வலம்’ என்பதில்தான் அதிக விபத்து. ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு ‘லோக்கல்’ டைரக்டரியிலோ வேறு தனி டைரக்டரியிலோ நிறுவப்பட்டிருக்கிறது. புதிய பதிப்பின் மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்கிறீர்கள். அதன் மேக்ஃபைலில் மற்ற லைப்ரரிகளுக்கான ‘மைனஸ் ஐ’ முதலிலும், மென்பொருளின் சொந்த ஹெடர் டைரக்டரிக்கான ‘மைனஸ் ஐ’ பிறகும் இருந்தால், புதிய மூல நிரல் தன் பழைய பதிப்பின் ஹெடரை எடுத்துக்கொண்டு கம்பைல் ஆகும். வேறெங்கும் நிறுவப்படாத கணிப்பொறியில் இது தெரியவே தெரியாது. எழுதியவரின் கணிப்பொறியில் ஓடும், உங்களிடம் ஓடாது. சொந்த வீடு முதலில், அக்கம்பக்கம் பிறகு என்று எழுத வேண்டும். ஆட்டோமேக் உருவாக்கும் மேக்ஃபைல்கள் இதை ஒழுங்காகச் செய்கின்றன: மென்பொருள் எழுதியவர் குறித்த டைரக்டரிகள் முன்னே, நாம் ‘சிபிபிஃப்ளாக்ஸ்’ மூலம் கொடுப்பவை பின்னே.

‘சிபாத்’ பற்றி ஓர் எச்சரிக்கை. எப்போதோ ஒரு நாள் ஏதோ அவசரத்துக்கு இதை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்துவிட்டு மறந்துவிடுவோம். கட்டளையிலும் தெரியாது, மேக்ஃபைலிலும் தெரியாது. இன்னொன்று: டைரக்டரி பெயர்களைப் பிரிக்கும் முக்காற்புள்ளிக்கு முன்னோ பின்னோ ஒன்றும் இல்லாமல் விட்டால், ‘நாம் நிற்கும் டைரக்டரி’ என்று ஜிசிசி அர்த்தம் செய்துகொள்ளும். பழைய மதிப்பு காலியாக இருக்கும்போது அதன் முன்னே ஒரு டைரக்டரியை ஒட்டினால் இப்படித் தொங்கும் முக்காற்புள்ளி வந்துவிடும். பிறகு எங்கே நின்று கம்பைல் செய்கிறோமோ அதைப் பொறுத்து விளைவு மாறும்.

‘மைனஸ் ஐ’ புறக்கணிக்கப்படுகிறதே என்று ‘மைனஸ் ஐசிஸ்டம் யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ என்று கொடுத்துப் பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். அது புறக்கணிக்கப்படாது, உண்மையிலேயே வரிசையை மாற்றிவிடும். 2016-ல் வந்த ஜிசிசி 6-ல் சி ப்ளஸ் ப்ளஸ் ஹெடர்கள் ‘எனக்கு அடுத்த டைரக்டரியில் தேடு’ என்னும் முறையை அதிகம் பயன்படுத்தத் தொடங்கின. வரிசை மாறியிருந்த மென்பொருள்களெல்லாம் ‘எஸ்டிடிலிப்.எச் என்று ஒரு கோப்பே இல்லை’ என்று நின்றுபோயின. கோப்பு கண்ணெதிரில் இருக்கிறது; தேடலோ அதைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தக் குழப்பத்தை வடிவமைப்பிலேயே தவிர்த்தவர்களும் உண்டு. எழுத்துருக்களைத் திரையில் வரையும் ‘ஃப்ரீடைப்’ லைப்ரரியை நாம் எல்லோரும் அறியாமலே பயன்படுத்துகிறோம். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் லினக்ஸிலும் தமிழ் எழுத்துகளை வரைவதில் அதற்குப் பங்குண்டு. 2000-ல் அதன் 2-வது பதிப்பு வந்தபோது 1-வது பதிப்போடு ஒத்துப்போகவில்லை. ஹெடரின் பெயரோ ஒன்றே. ஆகவே புதியதை ‘ஃப்ரீடைப்2’ என்ற தனி டைரக்டரிக்குள் வைத்து, வேண்டுபவர் அதை ‘மைனஸ் ஐ’ கொடுத்துக் கேட்டு வாங்கும்படி செய்தார்கள். லேஅவுட் பெயரையும் சேர்த்து விலாசம் எழுதுவது போல. இந்த ‘மைனஸ் ஐ’ விவரங்களை ‘பிகேஜி-கான்ஃபிக்’ என்ற கருவியிடம் கேட்டால் அதுவே எழுதித் தரும். கையால் எழுதாதீர்கள்.

நம் ஊரிலேயே பிறந்த சிம்ப்யூட்டரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி, 2001 ஏப்ரலில் பெங்களூரில் வெளியிட்ட கைக்கணிப்பொறி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும்படி இந்திய மொழியில் பேச வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வியாபாரத்தில் அது நிலைக்கவில்லை. அம்மாவுக்கு நிரல் எழுதியபோது அந்த எண்ணம் என் மனத்தில் இருந்தது. சிம்ப்யூட்டருக்குள் இருந்தது ஸ்ட்ராங்ஆர்ம் சிப்பும் லினக்ஸும். இத்தகைய கருவிக்கு நிரல் எழுதுகிறவர் தன் மேசைமேல் உள்ள வேறு வகைச் சிப் கொண்ட கணிப்பொறியில் கம்பைல் செய்வார். இதற்குக் கிராஸ் கம்பைல் என்று பெயர் (இந்தக் கிராஸ் வேறு). மேசைக் கணிப்பொறியின் ‘யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ தவறிப்போய்ப் பட்டியலில் நுழைந்தால், கருவிக்கான நிரல் மேசைக் கணிப்பொறியின் அளவுச் சீட்டில் தைக்கப்படும். ஆகவே கருவியின் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் தனி டைரக்டரியில் வைத்து, ‘சிஸ்ரூட்’ என்ற விருப்பத்தின் மூலம் ‘இதுவே உனக்கு ஆதி டைரக்டரி’ என்று கம்பைலரிடம் சொல்லிவிடுவது இன்றைய வழக்கம். கைபேசிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நிரல் எழுதும் இவ்வூர் நிறுவனங்களில் வேலைக்குச் சேரப்போகும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைச் சந்திப்பார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

‘மேல்’, ‘கீழ்’ என்று இரண்டு டைரக்டரிகள் உருவாக்குங்கள். இரண்டிலும் ‘அளவு.எச்’ என்று ஒரே பெயரில் ஹெடர். ‘மேல்’ ஹெடரில் 32 என்ற எண்ணையும் ‘கீழ்’ ஹெடரில் 36 என்ற எண்ணையும் ஒரே பெயருள்ள மாறிலியாக எழுதுங்கள். வேறொரு டைரக்டரியில், இந்த ஹெடரைக் கோண அடைப்புக்குள் சேர்த்து அந்த மாறிலியை அச்சிடும் ஒரு நிரல். முதலில் ‘மேல்’, பிறகு ‘கீழ்’ என்ற வரிசையில் ‘மைனஸ் ஐ’ கொடுத்துக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். அடுத்து வரிசையை மாற்றுங்கள். அடுத்து, நிரலின் பக்கத்திலேயே 40 என்று எழுதிய மூன்றாவது ‘அளவு.எச்’ ஒன்றை வைத்து, கோண அடைப்போடு ஒரு முறையும் மேற்கோள் குறியோடு ஒரு முறையும் ஓட்டுங்கள். கடைசியாக, ‘மேல்’ டைரக்டரியை ‘மைனஸ் ஐ’க்குப் பதில் ‘சிபாத்’ மூலம் கொடுத்து, ‘கீழ்’ டைரக்டரியை ‘மைனஸ் ஐ’ மூலம் கொடுத்து, கோண அடைப்போடு ஓட்டுங்கள்.

ஒவ்வொரு முறையும் எந்த எண் வரும் என்று முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறிய இடத்தில் ‘மைனஸ் எச்’ போட்டுப் பாருங்கள். தாளை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவந்தால் சேர்ந்து பார்க்கலாம்.